டாஷ்ஹண்ட் ஷோவில் நடுவர் எதைப் பார்க்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டைக் கால், நீண்ட உடம்பு, தொங்கும் காது. டாஷ்ஹண்டை யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். ஆனால் பதினைந்து டாஷ்ஹண்டுகள் வரிசையாக நிற்கும்போது அதில் ஒன்றை மட்டும் எப்படி முன்னே கூப்பிடுகிறார்கள் என்பது வெளியே நின்று பார்ப்பவருக்குப் புரிவதில்லை. பிரிட்டன், ஜெர்மனி நாடுகளின் இனக் கிளப்புகள் நடத்தும் ஷோக்களை மையமாக வைத்து, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தேவையான இடத்தில் அமெரிக்காவும் வரும், கடைசியில் நம் ஊரும் வரும்.

இது நாய்களுக்கான அழகுப் போட்டிதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். நோக்கம் வேறு. அடுத்த தலைமுறைக் குட்டிகளை எந்த நாயிடமிருந்து எடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காக ஆரம்பித்த ஏற்பாடு இது. ஜெர்மனியில் இந்த நோக்கம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கே டாக்கல் (டாஷ்ஹண்டின் ஜெர்மன் பெயர்) கிளப்பின் கீழ் ஒரு நாயை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டுமானால், முதலில் நடுவரிடம் காட்டி அதன் உருவத்துக்கு மதிப்பீடு வாங்கியாக வேண்டும்.

நடுவர் ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, ஒவ்வொன்றையும் இன இலக்கணத்தோடு, அதாவது இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த விவரணையோடு ஒப்பிடுவது. அந்த இலக்கணத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரே காட்சிதான் இருக்கிறது: நிலத்துக்கடியில், வளைக்குள், இருட்டில், வளைக்கரடியை (badger, வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கு) எதிர்கொண்டு நிற்கும் ஒரு சின்ன வேட்டை நாய். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

இனக் கிளப் ஷோ என்றால் என்ன? கிரஃப்ட்ஸ் மாதிரியா?

கிரஃப்ட்ஸ் பிரிட்டனில் எல்லா இன நாய்களும் வரும் பெரிய ஷோ, ஒரு திருவிழா. இனக் கிளப் ஷோவில் ஒரே இனம்தான். பிரிட்டனின் டாஷ்ஹண்ட் கிளப் 1881இல் தொடங்கியது. இனம் பிறந்த ஜெர்மனியில் கிளப் வந்தது அதற்குப் பிறகு, 1888இல். அமெரிக்கக் கிளப் 1895இல்.

நடுவருக்கு உண்மையான சோதனை இனக் கிளப் ஷோதான் என்பது என் எண்ணம். பெரிய ஷோவில் கைதட்டுபவர்களில் பாதிப் பேருக்கு டாஷ்ஹண்டின் தோள்பட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இங்கே கயிற்றுக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இந்த நாயின் பாட்டியையும் பார்த்தவர்கள், அதன் பாட்டியையும் பார்த்தவர்கள். தவறாக ஒரு நாயை முன்னே இழுத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பேச்சு மைதானம் முழுக்கப் பரவிவிடும்.

டாஷ்ஹண்டில் எத்தனை வகை?

நாட்டைப் பொறுத்தது. முடி மூன்று வகை: வழவழப்பான குட்டை முடி, கம்பி போன்ற முரட்டு முடி, நீள முடி. இதில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். அளவில்தான் கருத்து வேறுபாடு.

பிரிட்டன் பெரியது, சிறியது (மினியேச்சர்) என்று இரண்டு அளவு வைத்து, மூன்று முடியோடு பெருக்கி, ஆறு தனித்தனி இனங்களாகவே பதிவு செய்கிறது. அமெரிக்கா எல்லாவற்றையும் ஒரே இனம் என்கிறது. ஆனால் முடியின்படி மூன்று பிரிவு வைத்து, மூன்றையும் வேட்டை நாய்க் குழுப் போட்டிக்கு அனுப்புகிறது. ஜெர்மனியும் எஃப்சிஐ என்ற சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் மற்ற நாடுகளும் மூன்று அளவு வைத்திருக்கின்றன. மூன்றாவது, முயல் வளைக்குள் நுழையும் மிகச் சிறிய டாக்கல். எஃப்சிஐயில் நான்காவது குழு முழுவதும் டாஷ்ஹண்டுக்கு மட்டும்தான். வேறு எந்த இனத்துக்கும் இப்படித் தனிக் குழு கிடையாது.

எடை பார்ப்பார்களா, அளவெடுப்பார்களா?

பிரிட்டனில் தராசு. பெரிய டாஷ்ஹண்டுக்கு 9 முதல் 12 கிலோ. மினியேச்சருக்கு 4.5 கிலோ சரியான எடை, 5 கிலோ உச்ச வரம்பு. மினியேச்சர் வகுப்பில் நாயை ரிங்குக்குள்ளேயே (நாய்களை மதிப்பிடும் களம்) தராசில் ஏற்றிப் பார்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். இதனால் ஒரு சங்கடமும் உண்டு. எடையைக் குறைக்க நாயைப் பட்டினி போட்டுக் கொண்டுவருபவர்கள் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் மெலிந்து வாடிய நாயைக் கடுமையாகத் தாழ்த்த வேண்டும் என்று இலக்கணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் முறையில் தராசு முக்கியமல்ல, டேப்தான். வளர்ந்த நாயின் மார்புச் சுற்றளவை அளக்கிறார்கள். இப்போதைய எஃப்சிஐ இலக்கணப்படி பெரிய வகை ஆணுக்கு 37க்கு மேல் 47 செ.மீ. வரை, பெண்ணுக்கு 35க்கு மேல் 45 வரை. மினியேச்சர் ஆண் 32க்கு மேல் 37 வரை. முயல் டாக்கல் அதற்கும் கீழே. ஏன் மார்பு? வளைக்குள் நுழைய முடியுமா என்பதை முடிவு செய்வது எடை அல்ல, மார்பின் சுற்றளவு. இந்த விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ரிங்குக்குள் என்ன நடக்கிறது? வரிசையாகச் சொல்லுங்கள்.

வயதுப்படியும் முன்பு வாங்கிய பரிசுகளின்படியும் வகுப்புகள் பிரித்திருப்பார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஒரு வகுப்பு முழுவதும் உள்ளே வந்து நிற்கும். நடுவர் முதலில் தூரத்தில் நின்று ஒட்டுமொத்த உருவத்தைப் பார்ப்பார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று ஓடச் சொல்வார். இந்த முதல் சுற்றிலேயே அனுபவமுள்ள நடுவரின் மனதில் இரண்டு மூன்று நாய்கள் நின்றுவிடும்.

அப்புறம் ஒவ்வொரு நாயாக மேசைக்கு வரும். பல், தலை, கழுத்து, தோள், மார்பு, முதுகு, பின்னங்கால், வால் என்று கையால் தடவிப் பார்ப்பார். ஆண் நாய் என்றால் இரண்டு விரைகளும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார். மேசையிலிருந்து இறக்கி, தனியாக நடக்க வைப்பார்: நேரே போய்த் திரும்பி வருதல், அல்லது முக்கோணம். எல்லா நாய்களும் முடிந்ததும் மறுபடி வரிசையில் நிறுத்தி ஒரு கடைசிப் பார்வை. பிறகு கையைக் காட்டி முதலிடம், இரண்டாமிடம் என்று கூப்பிடுவார்.

இவ்வளவு நேரமும் நடுவர் நாயை நடத்துபவரிடம் பெரும்பாலும் கேட்கும் ஒரே கேள்வி “வயது என்ன?” என்பதுதான். நாயின் பெயர், வம்சம், வாங்கிய பட்டங்கள் எதையும் நீங்களாகச் சொல்லக் கூடாது.

ஏன் மேசை மேல் ஏற்றுகிறார்கள்?

நடுவரின் முதுகைக் காப்பாற்ற! ஒரு நாளில் நூறு டாஷ்ஹண்ட் வந்தால் நூறு முறை தரையில் குனிய முடியாது. ஆனால் மேசையில் பார்த்தது மட்டும் போதாது. மேசையில் நாயை நடத்துபவர் அதன் கால்களை எடுத்து எடுத்து வைத்து எந்த நாயையும் அழகாக நிறுத்திவிடலாம். தரையில் தானாக நிற்கும்போதுதான் உண்மை தெரியும்.

நடுவர்கள் மார்பையே ஏன் அவ்வளவு நேரம் தடவுகிறார்கள்?

டாஷ்ஹண்டின் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்பக்கம் மார்பெலும்பு நன்றாகத் துருத்திக்கொண்டிருக்க வேண்டும், அதன் இரு பக்கமும் சிறு குழி விழும் அளவுக்கு. அங்கிருந்து படகின் அடிக்கட்டை மாதிரி மார்பு கீழிறங்கி, முன்னங்கால்களுக்கு இடையே வந்து, பின்னால் நீளமாகப் போய் மெதுவாக வயிற்றில் முடிய வேண்டும். திடீரென்று வெட்டியது போல முடிந்தால் அது பெரிய குறை. வளைக்குள் காற்று குறைவு. இதயமும் நுரையீரலும் விரிய இடம் வேண்டும். அந்த இடத்தை அகலத்தில் தர முடியாது, வளை இடிக்கும். அதனால் நீளத்தில் தந்திருக்கிறார்கள். டாஷ்ஹண்டின் நீளம் விலா எலும்புக் கூட்டின் நீளமாக இருக்க வேண்டும். விலா சீக்கிரம் முடிந்து, இடுப்புப் பகுதி மட்டும் இழுத்த மாதிரி நீண்டிருந்தால் அந்த முதுகுக்குத் தாங்கலே இல்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டு நாய்களும் ஒரே நீளம்தான். கையை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து தோள். தோள்பட்டை எலும்பும் மேற்கை எலும்பும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னங்கால் மார்புக்குக் கீழே, அதன் ஆழமான இடத்தை அணைத்தபடி நிற்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது முன்னங்கால் மார்பின் அடிப்புள்ளியை மறைக்கும். மேற்கை எலும்பு குட்டையாக இருந்தால் கால் முன்னே தள்ளிப்போய்க் கழுத்துக்குக் கீழே நிற்கும். இன்று ரிங்கில் அடிக்கடி காணும் குறை இது. பளபளவென்று ஓடும் நாய்களிலும் இருக்கும்.

முன்னிருந்து பார்த்தால் கால்கள் கம்பம் மாதிரி நேராக இருக்காது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வரும்போது சற்றே உள்வாங்கி, மார்பைச் சுற்றி வளைந்து இறங்கும். புதிதாகப் பார்ப்பவர் இதைக் கோணல் கால் என்று நினைப்பார். மண்ணைத் தோண்டும்போது நாய் மார்பெலும்பின் மேல் படுத்து, முன்னங்கால்களால் மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும் என்பார்கள் பழைய வேட்டைக்காரர்கள். அதற்கேற்ற அமைப்பு இது.

நீளம் கூடக் கூட, குட்டை கூடக் கூட நல்லதா?

இல்லவே இல்லை. இந்த இனத்தைக் கெடுத்ததே இந்த நினைப்புதான். எஃப்சிஐ கணக்குப்படி உயரம் 1 என்றால் உடல் நீளம் 1.7 முதல் 1.8. மார்புக்கும் தரைக்கும் நடுவே உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் டாஷ்ஹண்ட் வரப்பைக்கூடத் தாண்டாது, அப்புறம் காட்டில் என்ன வேலை செய்யும்?

பிரிட்டனில் ஒரு காலத்தில் ஷோ நாய்கள் தரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்துபோயின. 2009இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் தன் இன இலக்கணங்களை எல்லாம் மறுபரிசீலனை செய்தது. டாஷ்ஹண்ட் தடையின்றி நடக்கும் அளவுக்கு உடல் தரையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது இப்போதைய இலக்கணம். நல்ல நடுவர் மிகையான நாயைப் பார்த்தவுடன் மனதுக்குள் கீழே இறக்கிவிடுவார்.

நடையில் என்ன பார்க்கிறார்கள்?

முன்னங்கால் உயரத் தூக்காமல் முன்னே நீள வேண்டும். பின்னங்கால் நன்றாக உதைத்துத் தள்ள வேண்டும். முதுகு அதிகம் ஆடாமல் மிதந்து போக வேண்டும். குடுகுடுவென்று சின்ன அடி வைத்து ஓடும் நாயைப் பார்க்க ஆசையாக இருக்கும், கூட்டமும் ரசிக்கும். அது குறைதான்.

முடியை வைத்துத் தேர்வு மாறுமா?

மாறும், ஆனால் உடலமைப்புக்கு அடுத்துதான். குட்டை முடி வகையில் வழுக்கைத் திட்டு இருக்கக் கூடாது. நீள முடி வகையில் காதிலும் வாலிலும் தொங்கும் முடி அழகு, அதற்காக உடம்பு முழுவதும் புதராக இருந்தால் உருவமே தெரியாது. நடுவரின் விரல்கள் அதிகம் வேலை செய்வது கம்பி முடியில்தான். வெளிமுடி முரடாக, அடியில் மெத்தென்ற உள்முடியோடு இருக்க வேண்டும். முள்ளிலும் குளிரிலும் அதுதான் சட்டை. இந்த முடியைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால் பறித்தெடுக்க வேண்டும். வெட்டினால் நாளடைவில் பஞ்சாகிவிடும். தொட்டவுடனே தெரிந்துவிடும்.

நிறம்?

சிவப்பு, கறுப்பில் பழுப்புப் புள்ளி, சாக்லேட்டில் பழுப்புப் புள்ளி, வரிகள் போட்டது, திட்டுத்திட்டான டாப்பிள். எல்லாம் சரி. எச்சரிக்கை ஒன்று: இரண்டு டாப்பிள் நாய்களைச் சேர்த்தால் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்கு அந்த மரபணு இரண்டு பக்கமும் வரும். அப்படிப் பிறப்பவை செவிடாகவோ குருடாகவோ இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ‘அபூர்வ நிறம்’ என்று யாராவது அதிக விலை சொன்னால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

எந்தக் குறை இருந்தால் போட்டியிலிருந்தே நீக்குவார்கள்?

மேல்தாடை கீழ்த்தாடையைத் தாண்டித் துருத்தினாலும், கீழ்த்தாடை மேலதைத் தாண்டினாலும், தாடை கோணினாலும் எஃப்சிஐ ஷோவில் வெளியேதான். கோரைப்பல் இல்லாவிட்டாலும் அப்படியே. முழு வாய்க்கு 42 பல். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரைப் போல ஜெர்மன் நடுவர் ஒவ்வொரு பக்கமும் உதட்டை விலக்கி எண்ணுவார். முன்னங்கால் மணிக்கட்டு முன்னே மடிந்து விழுவதை அமெரிக்க இலக்கணமும் தகுதிநீக்கக் குறையாகவே சொல்கிறது. தோண்டும் கால் அப்படி மடிந்தால் என்ன மிச்சம்?

என் நாய் நடுவரைப் பார்த்து உறுமினால்?

அஞ்சாத குணம் வேண்டும், ஆனால் மனிதரிடம் பாய்வதோ பயந்து ஒடுங்குவதோ கூடாது. எஃப்சிஐ விதிப்படி இரண்டுக்கும் தகுதிநீக்கம் உண்டு. முதல் ஷோவில் குட்டி மேசையில் நெளிந்தால் நடுவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கடித்தால் மாட்டார்கள்.

முதுகெலும்பு நோயைக் கவனிக்கிறார்களா?

பார்வைக்குத் தெரிவதை மட்டும்தான் நடுவர் கவனிக்க முடியும். முதுகெலும்பு வட்டு பிதுங்கிக் கால் செயலிழக்கும் நோய் இந்த இனத்தின் பெரிய துயரம். குட்டைக் காலுக்குக் காரணமான ஒரு மரபணுப் பிரதியை 2009இல் அடையாளம் கண்டார்கள். வட்டு முன்கூட்டியே கெட்டியாவதோடு தொடர்புள்ள இன்னொரு பிரதியை 2017இல் கண்டார்கள். அது குட்டைக் காலோடும் தொடர்புடையது. அதனால் குட்டைக் காலையும் முதுகுப் பிரச்சினையையும் முழுக்கப் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த வட்டுகள் எத்தனை என்று எண்ணி, குறைவாக உள்ள நாய்களைத் தேர்ந்தெடுப்பது. டென்மார்க், பின்லாந்து நாடுகளில் இது முன்பே வந்துவிட்டது, பிரிட்டனிலும் திட்டம் இருக்கிறது. ரிங்கில் கோப்பை வாங்கிய நாய்க்கு எக்ஸ்ரே இல்லையென்றால், அதன் குட்டியை வாங்க நான் யோசிப்பேன்.

நடுவரால் ஆவது ஒன்று உண்டு. மிகை நீளமும் மிகைக் கொழுப்பும் உள்ள நாய்க்குப் பரிசு தராமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு வளர்ப்பவர்கள் எதைக் கொண்டுவருவார்கள் என்பது இந்த ஆண்டு எது ஜெயித்தது என்பதைப் பொறுத்ததுதானே.

ஜெர்மனியில் டாக்கலையே தடை செய்யப் போகிறார்கள் என்று படித்தேனே?

2024இல் வந்த விலங்கு நலச் சட்ட வரைவில் ‘எலும்புக்கூட்டின் இயல்பு மீறிய அமைப்பு’ உள்ள விலங்குகளை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்ற கருத்து இருந்தது. அது டாக்கலையும் பிடித்துவிடும் என்று ஜெர்மன் நாய் அமைப்பு கிளர்ச்சி செய்தது, உலகப் பத்திரிகைகள் அதைத் தடை என்றே எழுதின. இனத்தைத் தடை செய்வது நோக்கமல்ல என்று அமைச்சகம் விளக்கியது. ஏற்கெனவே 2022 முதல், துன்பம் தரும் உடற்கூறு உள்ள நாய்களைக் காட்சிக்குக் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது.

சாம்பியன் பட்டம் எப்படிக் கிடைக்கும்?

பிரிட்டனில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று சேலஞ்ச் சான்றிதழ். அதில் ஒன்றாவது நாய்க்கு ஒரு வயதான பிறகு வாங்கியிருக்க வேண்டும். ஒரு ஷோவில் இந்தச் சான்றிதழ் சிறந்த ஆணுக்கு ஒன்று, சிறந்த பெண்ணுக்கு ஒன்று. ‘சாம்பியன் பட்டத்துக்குத் தகுதியான சிறப்பு இந்த நாய்க்கு உண்டு’ என்று நடுவர் கையெழுத்துப் போட வேண்டும். வந்ததில் சிறந்தது என்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. தகுதி இல்லையென்றால் நிறுத்தி வைக்கலாம். அதற்குத் துணிச்சல் வேண்டும், நிறுத்தி வைப்பவர்கள் குறைவு.

அமெரிக்காவில் 15 புள்ளி சேர்க்க வேண்டும், அதில் ஒரே ஷோவில் நிறையப் புள்ளி தரும் பெரிய வெற்றிகள் இரண்டு இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒவ்வொரு நாய்க்கும் ‘மிகச் சிறப்பு’, ‘மிக நன்று’, ‘நன்று’ என்று தரம் உண்டு, எழுத்தில் விமர்சனமும் உண்டு. வேட்டைத் தேர்வு எழுதிய நாய்களுக்குத் தனி வகுப்பு. முயலின் தடத்தில் குரல் கொடுத்தபடி போவது, அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைத் தொடர்வது போன்றவை அந்தத் தேர்வுகள். ஒரே நாய் காட்டிலும் ரிங்கிலும் தேறுவதுதான் அங்கே பெருமை.

டாஷ்ஹண்ட் பெரிய ஷோவில் எல்லா இனத்தையும் ஜெயித்திருக்கிறதா?

2020 கிரஃப்ட்ஸில் மெய்சி என்ற கம்பி முடி டாஷ்ஹண்ட் அந்த ஷோவின் எல்லா நாய்களிலும் முதலிடம் பெற்றது. வெற்றி ஓட்டத்துக்கு நடுவில் பச்சைக் கம்பளத்தின் மேலேயே மலம் கழித்ததும் அதே மெய்சிதான். அதற்கெல்லாம் புள்ளி குறைப்பதில்லை.

நடுவர்கள் ஆள் முகம் பார்த்துப் பரிசு தருவதில்லையா?

தருபவர்கள் இருக்கிறார்கள். நடுவரே வளர்ப்பவர், போன வாரம் போட்டியாளராக நின்றவர், அடுத்த வாரம் இன்று தன் முன் நிற்பவரிடம் தன் நாயைக் காட்டப் போகிறவர். சின்ன உலகம். இதைக் கட்டுப்படுத்தத்தான் பயிலரங்கு, தேர்வு, மூத்தவர் வழிகாட்டல் என்று நடுவர் ஆவதற்குப் படிகள் வைத்திருக்கிறார்கள். எழுத்து விமர்சனமும் ஒரு கடிவாளம். ‘நல்ல தலை, அழகான கண்’ என்று எழுதிவிட்டு, மார்பையும் தோளையும் பற்றி ஒரு சொல்கூட இல்லாத விமர்சனத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான்.

தமிழ்நாட்டில் என் டாஷ்ஹண்டைக் காட்ட முடியுமா?

முடியும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான் இருக்கிறது. அதன் அங்கீகாரத்தில் சென்னை, ஊட்டி போன்ற இடங்களில் ஷோக்கள் நடக்கின்றன. நாய்க்கு முறையான பதிவு வேண்டும். கடையில் ‘ஒரிஜினல் பிரீடு’ என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் பதிவாகாது. நம் ஊரில் பெரும்பாலும் குட்டை முடி வகைதான் கண்ணில் படுகிறது. சோறு போட்டுப் போட்டு உருண்டையாக வளர்த்த நாயைக் கொண்டுபோகாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. மேசையில் ஏறி நிற்பதையும், அந்நியர் வாயைத் திறந்து பார்ப்பதையும் வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள். நீண்ட நகம் பாதத்தை விரித்து நடையைக் கெடுக்கும்.

தோற்றுவிட்டால் நடுவரிடம் காரணம் கேட்கலாமா?

ரிங்கில் கேட்கக் கூடாது. அன்றைய தீர்ப்பு எல்லாம் முடிந்து, அவர் டீ குடிக்கும் நேரத்தில் போய், ‘என் நாயில் எதைச் சரியில்லை என்று நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ‘அந்த நாய் ஏன் ஜெயித்தது?’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதன் சொந்தக்காரர் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்.